லைட் அடித்தால் வா என்று அர்த்தம்

1

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் இல்லை. ப்ளஸ் டூவோடு படிப்பு முடிந்தது. தமிழ்ப் பரீட்சையில் கட்டுரைக்கு எப்போதும் பாதி மதிப்பெண்தான் வாங்குவேன். முன்னுரை எழுதிவிட்டு நேராக முடிவுரைக்குப் போய்விடுவேன். நடுவில் என்ன எழுதுவது என்று தெரியாது. இப்போதும் தெரியாது. நம் பள்ளி மலருக்கு எழுதியே ஆக வேண்டும் என்று ஜெயந்தி ஸ்ரீரங்கத்திலிருந்து போன் செய்ததால் எழுதுகிறேன்.

"வெளிநாட்டுல இருக்கிறவள்ல நீ ஒருத்திதாண்டி ஒழுங்கா போன் எடுக்கிற. ரெண்டு பக்கம் எழுதி அனுப்பு."

"என்னத்தடி எழுதுறது?"

"அந்த ஊரப் பத்தி எழுதேன். தலைநகரம்ல? பார்லிமெண்ட் எப்படி இருக்கும், ஜனங்க எப்படி, அதெல்லாம்."

நியூசிலாந்தின் தலைநகரமான வெலிங்டனில் இருக்கிறேன். பார்லிமெண்டுக்குப் பின்பக்கமாக ஒரு பெரிய ரோடு போகிறது. அதில் காரில் போகும்போதுதான் பார்லிமெண்ட் கண்ணில் படும் என்கிறார்கள். நான் ஓட்டும்போது முன்னால் போகும் வண்டியைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. அதனால் அந்த ரோட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வேண்டாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். கோலப் பக்கம் இருக்கும் என்று ஜெயந்தி சொன்னாள்.

2

அந்த ரோட்டுக்கு மோட்டார்வே என்று பெயர். நாங்கள் இருப்பது ஊருக்கு வடக்கே மேட்டில், ஜான்சன்வில் என்ற இடத்தில். அங்கிருந்து மலைச்சந்து வழியாக இறங்கி, கடலை ஒட்டி ஓடி, ஊர் நடுவே பள்ளத்தில் புகுந்து, ஒரு சுரங்கத்துக்குள் போய், ஒரு சிக்னலில் சட்டென்று முடிந்துவிடும். அதற்கப்புறம் ஊர் ரோடு, இன்னொரு சுரங்கம், ஏர்போர்ட்.

இந்த ரோடு போடுவதற்காக ஊர் நடுவே இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தை வெட்டி, உள்ளே இருந்தவர்களை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்களாம். இறந்தவர்களையே நகரச் சொன்ன ரோடு. அதில் நின்று நிதானித்துப் போகிறவளுக்கு என்ன மரியாதை இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நான் அதில் போவதில்லை. எனக்கு வேலை ஊரின் அந்தக் கோடியில், ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில். மற்றவர்கள் மோட்டார்வேயில் கால் மணி நேரத்தில் போய்விடுவார்கள். நான் கந்தல்லா என்ற பகுதிக்குள் புகுந்து போவேன். அந்தப் பகுதியில் யாரோ ஒரு காலத்து வெள்ளைக்காரர் தெருக்களுக்கெல்லாம் இந்தியப் பெயராக வைத்திருக்கிறார். மெட்ராஸ் தெரு இருக்கிறது. கடைத்தெருவின் பெயர் கேஞ்சஸ் ரோடு, அதாவது கங்கை ரோடு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்த நான், தினமும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கங்கையைக் கடக்கிறேன். பாவம் ஒன்றும் போனதாகத் தெரியவில்லை. நேரம்தான் போகிறது.

3

என் பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

பள்ளியில் நான் ரா. செல்வி. கல்யாணப் பத்திரிகையில் "செல்வி செல்வி" என்று அச்சடித்திருந்தார்கள். நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறது. இங்கே லைசென்ஸ் ஆபீசில் அந்த இனிஷியலை ஒப்புக்கொள்ளவில்லை. குடும்பப் பெயர் என்று ஒன்று கண்டிப்பாக வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறியது. அன்றிலிருந்து நான் மிசஸ் முருகேசன். சில இடங்களில் வெறும் முருகேசன். மகள் தாரணியும் முருகேசன். அவருக்கோ அவருடைய அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. வையம்பட்டியைத் தாண்டி எங்கும் போகாத என் மாமனாரை இங்கே வரி ஆபீஸ் முதல் பல் ஆஸ்பத்திரி வரை கூப்பிடுகிறார்கள்.

ஊரில் இருந்தவரை நான் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில்கூடக் கார்டைத்தான் நீட்டுவேன். இங்கே ஒவ்வொரு கவுண்டரிலும் அதை என் பெயராகவே சொல்கிறேன். எழுத்துக் கூட்டி வேறு சொல்கிறேன். அவர் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்பார்.

அவர் துவாக்குடியில் வெல்டராக இருந்தவர். இங்கேயும் அதே வேலை. போன வருடம் வேலை செய்யும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார். ஆனால் ஒரு வருடத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை உறுதிப்படுத்தி லைசென்ஸ் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முருகேசன் ஓட்டக் கூடாது.

"எந்த முருகேசன்னு தெளிவா போட்டிருக்கானாங்க?" என்று கேட்டேன்.

"நீ மோட்டார்வேல போகவே மாட்ட. உன்னை யார் தடுக்கப் போறா?" என்றார்.

இப்படியாக, வீட்டில் ஓட்டத் தெரிந்தவருக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ளவளுக்குத் தைரியம் இல்லை.

4

தாரணி பட்டம் வாங்கிய அன்று நாங்கள் கங்கை ரோடு வழியாகத்தான் போனோம். நல்ல புடவை, அவருக்குக் கோட்டு. கீழே துறைமுக ரோட்டில் ஏதோ வேலை நடந்து வண்டிகள் எறும்பாக நகர்ந்தன. அரங்கத்துக்குள் நுழைந்தபோது மேடையில் குடும்பப் பெயர் வரிசைப்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எம் எழுத்து முடிந்து பி எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. யார் வீட்டுப் பிள்ளைக்கோ கைதட்டினோம்.

அவளுடைய சொந்தப் பெயரில் கூப்பிட்டிருந்தால், பிக்குப் பின்னால் வரும் டி எழுத்துக்கு நேரத்தில் போயிருப்போம். இதை நான் அவளிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருடம் அவளுக்கு மெல்போர்னில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்கால விமானம். சமையலறையில் நின்றுகொண்டு, போனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டாக்சி புக் பண்ணிட்டேன்மா."

"டாக்சி எதுக்கு? நான் கொண்டுவந்து விடுறேன்."

"எப்படி? கேஞ்சஸ் ரோடு வழியாவா?"

"அதுக்கென்ன? சீக்கிரமே கெளம்பினா ஆச்சு."

"வெள்ளிக்கிழமைம்மா. அந்த வழில போனா நீ கேட்டுக்கு வர்றப்ப நான் சிட்னி தாண்டியிருப்பேன்."

"சிட்னி வழியிலயா இருக்கு?"

"அம்மா, ப்ளீஸ். நீ ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, வியர்த்து ஊத்தி, ஒவ்வொரு சிக்னல்லயும் சாரி சாரின்னு சொல்லிட்டு வருவ. போற அன்னைக்கு நான் அதப் பார்க்கணுமா? வீட்டு வாசல்லயே டாட்டா சொல்லிடு. அது பெட்டர்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அவள் எட்டு வயதில் இங்கு வந்தவள். இங்கே வாசலோடு வழியனுப்புவது சாதாரணம். ஏர்போர்ட்டுக்குத் தனியாகப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை நானே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் திருச்சியை விட்டுக் கிளம்பிய அன்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வேன், வையம்பட்டியிலிருந்து ஒரு வேன். ஏர்போர்ட் உள்ளே போவது மூன்று பேர், வெளியே நின்றது இரண்டு வேன் ஜனம். தில்லை நகரில் ஏறிக்கொண்ட ஒரு அத்தை, வேறு யாரோ ஒரு குடும்பத்தைப் பார்த்து அழுதுகொண்டே கையாட்டினார். யார் போகிறார்கள் என்பது அவருக்கு முக்கியமில்லை. யாரும் தனியாகப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை மோட்டார்வேல ஒரு தடவை போய்க் காட்டுறேன்" என்றேன். "போயிட்டேன்னா டாக்சிய கேன்சல் பண்ணணும்."

தாரணி முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "டீல்" என்றாள்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஓட்டக் கூடாது என்ற உத்தரவு வந்ததிலிருந்து அவருடைய வலது கால், மிதியடியில் இல்லாத ப்ரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் மிதியடி தேய்ந்துவிட்டது.

மோட்டார்வேயில் நுழைய ஒரு சரிவுப் பாதை உண்டு. அதில் ஓடும்போதே வேகம் எடுத்து, அங்கே ஏற்கெனவே ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். ஜிப் மாதிரி, இந்தப் பக்கம் ஒரு பல், அந்தப் பக்கம் ஒரு பல் என்று தாரணி சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் வேகம் எடுத்தேன். வலது பக்கம் கண்ணாடியில் ஒரு பெரிய லாரி தெரிந்தது. அது இரண்டு தடவை லைட் அடித்தது.

நான் ப்ரேக்கை மிதித்து, சரிவுப் பாதையின் முனையில் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்துன?"

"லைட் அடிக்கிறானேங்க!"

"வான்னு சொல்றான் செல்வி!"

லாரி போய்விட்டது. அதற்குப் பின்னால் வந்த காரும் வேகத்தைக் குறைத்து லைட் அடித்தது. நான் இன்னும் கெட்டியாக ப்ரேக்கை மிதித்தேன்.

திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டியில் போகும்போது எதிரே ஒரு பஸ் லைட் அடித்தால் என்ன அர்த்தம்? நான் வர்றேன், ஒதுங்கிக்கோ. பாலத்தின் சுவரில் முழங்கை உரசுகிற அளவுக்கு ஒதுங்கியிருக்கிறேன். உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது. இங்கே அதே லைட்டுக்கு, நான் நிற்கிறேன், நீ வா என்று அர்த்தம். ஒரே விளக்கு, ஒரே சிமிட்டல். பதின்மூன்று வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குப் பின்னால் சரிவுப் பாதையில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. மாம்பழச் சாலையில் இப்படி நின்றிருந்தால் இதற்குள் என் குடும்பத்தையே திட்டி முடித்திருப்பார்கள், எனக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். இங்கே எல்லோரும் கோயிலில் நிற்பது போல அமைதியாக நின்றார்கள். இந்த ஊரில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை பேசுவது மாதிரி. வந்த புதிதில், சிக்னலில் பச்சை விழுந்தும் நகராத ஒருவருக்கு இவர் லேசாக ஒரு ஹாரன் அடித்தார். அந்த மனிதர் இறங்கி வந்து, உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டார். அதோடு இவர் விட்டுவிட்டார். ஏர்போர்ட் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில் மட்டும் எல்லோரும் காரணமே இல்லாமல் ஹாரன் அடிப்பார்கள். பாம் பாம் என்று ஒருவர் அடித்தால் அடுத்தவர் பதில் கொடுப்பார். அது விளையாட்டாம். அங்கேயும் நாங்கள் அடித்ததில்லை. எங்களைத் திட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம்.

எப்படியோ ஒரு இடைவெளியில் நுழைந்து, அடுத்து வந்த முதல் வழியிலேயே வெளியேறி வீட்டுக்கு வந்துவிட்டோம். தாரணி வாசலில் நின்றிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"பரவால்லம்மா. டாக்சி இருக்கட்டும்" என்றாள்.

அவர் உள்ளே போய் டிவியைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார், "லைட் அடிச்சா வான்னு அர்த்தம். ஞாபகம் வச்சுக்க."

"இனிமே எதுக்குங்க?" என்றேன்.

6

வெள்ளிக்கிழமை காலை எலுமிச்சை சாதம் கிளறி, டப்பாவில் கட்டி, எங்கள் காரின் பின் சீட்டில் வைத்தேன். டாக்சியில் போகிறவளுக்கான சாப்பாட்டை நம் காரில் ஏன் வைக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.

டாக்சி சொன்ன நேரத்துக்கு வந்தது. அதுவும் ஒரு குறையாகத்தான் எனக்குப் பட்டது. டிரைவர் பெட்டியைத் தூக்கி வைத்தார். தாரணி அப்பாவைக் கட்டிக்கொண்டாள், என்னைக் கட்டிக்கொண்டாள். அழக் கூடாது என்று முன்னாலேயே இரண்டு பேரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தோம் போலிருக்கிறது. கதவு மூடியது, கை ஆடியது, டாக்சி தெருமுனையில் திரும்பியது. வழியனுப்புவது முடிந்துவிட்டது. திருச்சியில் இந்த நேரத்துக்கு வேனில் இடம் பிடிக்கவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

"சாப்பாட்டு டப்பாவ குடுத்தியா?" என்றார் அவர்.

"இல்லங்க."

இரண்டு பேரும் காரைப் பார்த்தோம்.

"ஏறுங்க" என்றேன்.

சரிவுப் பாதையின் தொடக்கத்திலேயே டாக்சி கண்ணில் பட்டது. அது வழுக்கிக்கொண்டு போய் மோட்டார்வேயில் கலந்தது. நான் வேகம் எடுத்தேன். வலது பக்கம் ஒரு பால் வண்டி. அதன் லைட் இரண்டு தடவை சிமிட்டியது. என் கால் ப்ரேக்குக்குப் போனது. அவருடைய காலும் அவருடைய ப்ரேக்குக்குப் போனது.

"வான்னு சொல்றான்" என்றார் மெதுவாக.

"தெரியுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

எனக்கு இடம் விட்டிருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம். மலைச்சந்தில் இறங்கினோம். இடது பக்கம் கடல் என்று அவர் சொன்னார். இருக்கட்டும் என்றேன். காற்று காரைத் தள்ளியது. ஊர் உயரமான கட்டடங்களோடு இரண்டு பக்கமும் எழும்பி நெருங்கி வந்தது. எந்த வரிசையில் போக வேண்டும் என்று தலைக்கு மேலே பலகைகள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. நான் எதையும் படிக்கவில்லை. டாக்சி போகும் வரிசைதான் என் வரிசை.

அப்போது அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எங்களுக்குப் பின்னாடி ஒரு வெள்ளைக் கார் வருது. நம்ம கார் மாதிரியே இருக்கு."

"நம்ம கார்தான்."



"யாருப்பா ஓட்டுறா?"

"முருகேசன்."

"அப்பா! நீங்க ஓட்டக் கூடாது!"

"நான் இல்லம்மா. இன்னொரு முருகேசன்."

பிறகு அவள் டிரைவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னது கேட்டது. அதில் 'மம்' என்ற வார்த்தை இருந்தது. டாக்சி கொஞ்சம் மெதுவானது.

"அம்மாகிட்ட பேசவா?" என்றாள்.

"பேசாத" என்றேன். "பார்லிமெண்ட் வருதாம்."

பார்லிமெண்ட் வந்துபோனது. ஜெயந்தி மன்னிக்க வேண்டும், பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டம் இருந்த இடமும் போனது. முதல் சுரங்கத்துக்குப் போகும் முன் ரோடு ஒற்றை வரிசையாகச் சுருங்கிவிடும். டாக்சிக்கும் எனக்கும் நடுவில் யாரும் வர முடியாது. அந்த ரோட்டில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். சிக்னலில் மோட்டார்வே முடிந்தபோது கையை எடுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் ஈரமாக இருந்தது. ஆனால் யாருக்கும் சாரி சொல்லவில்லை.

இரண்டாவது சுரங்கத்தில் நுழைந்ததும் டாக்சி, பாம் பாம் என்று ஹாரன் அடித்தது. பின் கண்ணாடியில் தாரணி முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடி" என்றார் அவர்.

"எதுக்குங்க?"

"அவ அடிக்கச் சொல்லித்தான் அந்த ஆளு அடிக்கிறான். பதில் சொல்லு."

அந்தக் காரின் ஹாரன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அழுத்தினேன். ஆட்டுக்குட்டி கத்துவது போல இருந்தது. விடாமல் அழுத்தினேன். சுரங்கத்தில் முன்னாலும் பின்னாலும் யார் யாரோ பதில் கொடுத்தார்கள். வெளிச்சம் வந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை. போதும் என்று அவர்தான் எடுத்துவிட்டார்.

7

ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிட்டு உடனே போய்விட வேண்டும். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர், கையால் காற்றைத் தள்ளுவது போல வண்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மோட்டார்வேலயா வந்த?" என்றாள் தாரணி.

"வேற வழி இல்ல."

"கேஞ்சஸ் ரோடு இருக்கே."

"அதுல டாக்சி போகலையே."

அவள் டப்பாவைப் பார்த்தாள். ஆஸ்திரேலியாவுக்குள் எலுமிச்சை சாதத்தை விடமாட்டார்கள் என்றாள். இதற்கும் ஒரு படிவம் இருக்கிறதாம். பிறகு அங்கேயே பெட்டி மேல் டப்பாவை வைத்துத் திறந்து, கையால் நாலு வாய் சாப்பிட்டாள். மஞ்சள் சட்டைக்காரர் எங்கள் பக்கம் வந்தார், பார்த்தார், அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

"நல்லாருக்கும்மா" என்றாள். நான் கொடுத்த கைக்குட்டையில் கையைத் துடைத்தாள். "திரும்பிப் போறப்ப எந்த வழி?"

"பார்க்கலாம்."

"லைட் அடிச்சா வான்னு அர்த்தம்."

"எல்லாரும் இதையே சொல்லுங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். உள்ளே போகும் கண்ணாடிக் கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கதவு தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் சனிக்கிழமை. டப்பாவில் மீதி இருந்த சாதத்தை மத்தியானம் நானும் அவரும் சாப்பிட்டோம். நான் அதில் உப்பே போட்டிருக்கவில்லை.